அளந்து பார்த்தீர்களா, உங்கள் உளூத் தண்ணீரை?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

தண்ணீரின் அருமையைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாருக்கு எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. நம்முடையது வானம் பார்த்த பூமி. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடினாலும், இடையிலுள்ள மேட்டு நிலத்துக்கு மழையும் கிணறும் ஏரியுமே கதி. பெரம்பலூர்ப் பக்கத்தின் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியும் அவற்றை நம்பியே விளைகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராஜேந்திர சோழன், அந்த ஊருக்கென்று சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். இன்று நாம் பொன்னேரி என்று அழைப்பது அதைத்தான். தண்ணீருக்கு வழி செய்யாமல் இந்த மண்ணில் ஊர் அமைக்க முடியாது என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

இரவில் முல்க் சூராவை ஓதி உறங்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நீங்கள் அருந்தும் தண்ணீர் பூமியின் ஆழத்துக்கு இறங்கிப் போய்விட்டால் அதை உங்களுக்கு மீட்டுத் தருபவர் யார் என்ற கேள்வியோடுதான் அந்தச் சூரா நிறைவு பெறுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் ஆண்டுக்காண்டு குழாயை இறக்கிக்கொண்டே போகும் நாம், அந்த வசனத்தை ஓதும்போது சற்று நின்று யோசிக்கக் கடமைப்பட்டவர்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் ஒன்றியங்களில் சில, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுபவை என்று அரசின் நிலத்தடி நீர்க் கணக்கிலேயே இடம் பெற்றவை.

ஒரு மாணவன் வைத்த வாளி

இந்தக் கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் மஹல்லாவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் மக்தப். அவனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் பள்ளிக்கூடத்தின் அறிவியல் கண்காட்சிக்காக, கையை நீட்டினால் திறந்து, எடுத்தால் மூடிக்கொள்ளும் குழாய் ஒன்றைச் செய்ய முனைந்திருந்தார்கள். ஒருநாள் அஸருக்கு முன் பெரிய வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“ஹள்ரத், நீங்கள் உளூச் செய்யும்போது குழாய்க்குக் கீழே இந்த வாளியை வைத்துக்கொள்ளலாமா? எவ்வளவு தண்ணீர் ஆகிறது என்று பார்க்க வேண்டும்” என்றான்.

தாராளமாக வைத்துக்கொள் என்றேன். வழக்கம்போல் உளூச் செய்தேன். மிஸ்வாக் செய்தபோதும், சட்டைக் கையை மடித்தபோதும், தலைக்கு மஸஹு செய்தபோதும் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முடித்ததும் அவன் ஒரு லிட்டர் புட்டியால் அள்ளி அள்ளி எண்ணினான். ஒன்பது லிட்டர்.

“எவ்வளவு ஆக வேண்டும் ஹள்ரத்?” என்று கேட்டான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்றேன். “முத்து என்றால் எத்தனை லிட்டர்?” என்றான். சொன்னேன். குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டான்: ஹள்ரத், 9 லிட்டர். ரஸூலுல்லாஹ், 1 முத்து.

அவன் கேலியாக எழுதவில்லை, கணக்காகத்தான் எழுதினான். அதுதான் என்னை உறுத்தியது. மதரஸாவில் ஹதீஸ் ஓதிய காலத்தில் ‘முத்து’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கியவன் நான். மிம்பரில் நின்று எத்தனையோ முறை அந்த ஹதீஸைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கையில் ஓடும் தண்ணீரை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

ஒரு முத்து என்பது எவ்வளவு?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் உளூவுக்கு ஒரு முத்தும், குளிப்புக்கு ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையும் பயன்படுத்தினார்கள். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. முத்து என்பது நடுத்தரமான மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு என்று விளக்குவார்கள். இன்றைய அளவையில், ஷாஃபிஈ மத்ஹபின் கணக்குப்படி முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹனஃபீ மத்ஹபின் கணக்குப்படி ஏறத்தாழ ஒரு லிட்டர். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்பது லிட்டர் எங்கே, ஒரு லிட்டர் எங்கே?

சிக்கனம் என்ற பெயரில் உறுப்புகளை நனைக்காமல் விடுவதும் கூடாது. குதிகால் நனையாமல் உளூச் செய்தவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். முழுமையாக நனைய வேண்டும். அளவும் மீறக் கூடாது. இரண்டையும் சேர்த்து நிறைவேற்றிக் காட்டியதுதான் சுன்னத்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். உளூவில் தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றுவது மக்ரூஹ் என்பது நாம் அறிந்த சட்டம். ஹனஃபீ ஃபிக்ஹின் முக்கிய நூலான துர்ருல் முக்தார் இதில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறது. ஆற்று நீரோ சொந்தத் தண்ணீரோ என்றால் வீண் விரயம் மக்ரூஹ்; உளூச் செய்வோருக்கென்று வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீர் என்றால் அது ஹராம். மதரஸாக்களின் தண்ணீரும் இதில் அடங்கும். காரணம் தெளிவானது. வக்ஃபு செய்தவர் நம் தேவைக்குத்தான் கொடுத்தார், சாக்கடைக்கு அல்ல. பள்ளிவாசல் குழாயில் வருவது ஜமாஅத்தாரின் சந்தாவிலும் நன்கொடையிலும் ஏறிய தண்ணீர். தொழுகைக்குத் தயாராகும் அதே நேரத்தில் ஹராமான ஒன்றைச் செய்துவிட்டுத் தக்பீர் கட்டுகிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஹவ்ழிலிருந்து கையால் அள்ளி உளூச் செய்த காலத்தில், அள்ளும் கையே அளவாக இருந்தது. வீட்டில் கெண்டியில் செய்த நம் பெரியவர்களுக்குக் கெண்டியே அளவு. குழாய் வந்தது, வசதி வந்தது, அளவு மட்டும் கைநழுவிப் போனது.

உலகெங்கும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்?

வாளியை வைத்து அளந்த மாணவனின் வழி புதிதல்ல. 1998ஆம் ஆண்டு முதல் ‘ஃபர்ஸ்ட் லெகோ லீக்’ என்ற ரோபோ போட்டி சிறுவர் சிறுமியருக்காகப் பல நாடுகளில் நடந்து வருகிறது. இந்தியப் பள்ளிகளும் அதில் கலந்துகொள்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருளை அறிவிப்பார்கள். 2017-18ஆம் ஆண்டுக்கான பொருள் தண்ணீர். ‘ஹைட்ரோ டைனமிக்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். மனிதன் தண்ணீரைத் தேடுவது, கொண்டு வருவது, பயன்படுத்துவது, கழிப்பது ஆகிய நான்கில் ஏதேனும் ஒரு குறையைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, அதற்கு ஒரு தீர்வையும் உருவாக்க வேண்டும். கூடவே ஒரு சிறு ரோபோவைச் செய்து, மேசை மீது இரண்டரை நிமிடத்துக்குள் குறிப்பிட்ட வேலைகளை முடிக்கச் செய்ய வேண்டும். பத்துப் பேர் வரை ஒரு குழு.

இப்படிப்பட்ட போட்டிகளில் நல்ல ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, என்ன கருவி செய்யப் போகிறாய் என்பதை அல்ல. எங்கே, எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான். அளக்காதவனுக்கு நோய் தெரியாது. நோய் தெரியாதவன் செய்யும் மருந்து வீண்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் இளையோருக்கான தண்ணீர்ப் பரிசு ஒன்று 1997 முதல் வழங்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் அதை வென்றவர்கள் தாய்லாந்தைச் சேர்ந்த மூன்று பள்ளி மாணவியர். அன்னாசிக் குடும்பத்துச் செடி ஒன்று, பனியையும் மழைத்துளியையும் தன் இலைகளில் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். அதேபோல் நீரைப் பிடிக்கும் ஒரு சாதனத்தைச் செய்து ரப்பர் மரங்களில் பொருத்தினார்கள். பெரிய ஆலையோ பெருஞ்செலவோ இல்லை. அல்லாஹ் ஒரு செடியில் வைத்த ஏற்பாட்டை உற்று நோக்கிய கண்கள்தான் அவர்களுக்கு மூலதனம்.

நம் நாட்டிலும் 2016இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தின் கீழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக ‘அடல் டிங்கரிங்’ ஆய்வகங்கள் பள்ளிகளில் நிறுவப்பட்டன. சென்சார்களையும் சிறு மின்னணுப் பலகைகளையும் மாணவர்கள் தம் கையாலேயே இணைத்துப் பழக அங்கே வாய்ப்பு உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்த ஆய்வகம் இருக்கிறதா, அதன் கதவு திறக்கப்படுகிறதா என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா?

அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது?

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு சிறு விளக்கு வீசுகிறது. கை குறுக்கே வந்ததும் அந்த ஒளி கையில் பட்டுத் திரும்புகிறது. பக்கத்தில் உள்ள உணர்கருவி அதை அறிந்து சேதி சொல்ல, மின்காந்தத்தால் இயங்கும் வால்வு திறக்கிறது. கையை எடுத்ததும் மூடிக்கொள்கிறது. மிஸ்வாக் செய்யும் நேரமும் சட்டைக் கையை மடிக்கும் நேரமும் இதில் மிச்சமாகின்றன.

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியாமல் காப்பதற்கு வேறொரு கருவி. தொட்டியின் மூடியிலிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலி கீழே செல்கிறது. தண்ணீரில் பட்டு எதிரொலிக்கிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிட்டு, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஓடும் தண்ணீரை அளக்க, குழாய்க்குள் காந்தம் பதித்த ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் வாங்கும் வகையில், ஒரு லிட்டர் கடந்து போனால் ஏறத்தாழ 450 துடிப்புகள் எண்ணப்படும். வயலுக்கோ, மண்ணின் ஈரத்தை அறிந்து, காய்ந்தால் மட்டும் மோட்டாரை ஓட்டும் கருவி. சின்ன வெங்காயத்துக்குச் சொட்டுநீர் பாய்ச்சும் நம் விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

இவையெல்லாம் மேல்நாட்டாரின் வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று துருக்கியில் உள்ள தியார்பக்கிர் நகரில் அல்-ஜஸரீ என்ற முஸ்லிம் பொறியாளர் வாழ்ந்தார். 1206ஆம் ஆண்டில் ஐம்பது பொறிகளின் அமைப்பைப் படத்துடன் விளக்கும் நூலை அவர் எழுதி முடித்தார். பணியாளர் தண்ணீர் ஊற்றி உளூச் செய்வதை அவருடைய மன்னர் விரும்பவில்லை. அதற்காகவே, தானாகத் தண்ணீர் வார்க்கும் பொம்மைப் பணியாளை ஜஸரீ செய்து கொடுத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உளூவுக்காகவே ஒரு தானியங்கி! ரோபோ வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவரை மதிப்போடு குறிப்பிடுகிறார்கள். 2010ஆம் ஆண்டில் மலேசியாவில் உளூவுக்கென்றே ஒரு தானியங்கிக் கருவியை அறிமுகப்படுத்தி, ஒருவருக்கு 1.3 லிட்டர் போதும் என்றார்கள். அந்தக் கருவியும்கூட முத்து என்ற அளவுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது என்பதைக் கவனியுங்கள்.

கருவியை வாங்கினால் போதுமா?

போதாது. நம் பகுதி சுண்ணாம்புப் பாறை நிறைந்தது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமே அதுதான். அத்தகைய நிலத்திலிருந்து எடுக்கும் கடினத் தண்ணீர், வால்விலும் குழாய் முனையின் சல்லடையிலும் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் வால்வு முழுதாக மூடாமல், கருவியே இரவு பகலாக ஒழுக விடும். மின்சாரம் நின்றாலும் கருவி நின்றுவிடும். எனவே எத்தனை சென்சார் குழாய் வைத்தோம் என்பதைவிட, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பதை ஜமாஅத் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

செலவே இல்லாத வழிகளும் உள்ளன. உளூக் குழாய்களுக்குச் செல்லும் பிரதான வால்வைப் பாதி மூடி வையுங்கள். அழுத்தினால் சிறிது நேரம் ஓடித் தானே நின்றுவிடும் குழாய்களைப் பொருத்துங்கள். ஒழுகும் குழாய்க்கு அன்றே வாஷர் மாற்றுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல். நான்கு பேருடைய உளூத் தண்ணீர் அது!

ஒரு கணக்கைப் பாருங்கள். ஐந்து வேளையும் சேர்த்து ஒரு பள்ளிவாசலில் நூறு உளூ நடக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆறு லிட்டர் மிச்சமானால் நாளுக்கு 600 லிட்டர்; மாதத்துக்கு 18,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்றரை லாரித் தண்ணீர்!

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

உளூவில் பயன்பட்ட தண்ணீரை ஃபிக்ஹில் ‘மாஉ முஸ்தஃமல்’ என்போம். அது தூய்மையானது, ஆனால் அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய முடியாது. அப்படியானால் மரத்துக்கும் செடிக்கும் தாராளமாக விடலாமே! சோப்பு கலவாத தண்ணீர், அழுக்கும் குறைவு. பல பள்ளிவாசல்களில் இதைக் கழிப்பறைக் குழாயோடு சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். தனிக் குழாய் போட்டால், தென்னைக்குப் பாய்ச்சியது போக மிஞ்சியதை, ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஓமான் நாட்டில் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தார், மஸ்கட் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் உளூத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிறு அமைப்பை நிறுவிச் சோதித்து, 2006ஆம் ஆண்டில் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். அசுத்தம் கலந்த நீரும்கூட, நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றிலும் அசுத்தத்தின் சுவடே இல்லாதபடி முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டால் அதனால் தூய்மை செய்துகொள்ளலாம் என்று 1978இலேயே சவூதி அரேபியாவின் மூத்த ஆலிம்கள் குழு முடிவு கூறியது. மார்க்கம் இந்த வழியை அடைத்து வைக்கவில்லை.

மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் கட்டாயமாக்கியது. அப்போது போட்ட குழாய்கள் நம் பள்ளிவாசல் கூரைகளில் இன்றும் சரியாக இருக்கின்றனவா என்று, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உளூவுக்கு ஒரு லிட்டர் பிடிக்கும் செம்பையோ கெண்டியையோ வைத்துப் பிள்ளைகளைப் பழக்குங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீடு துடைக்கவும் பாத்திரம் கழுவவும் பிடித்து வையுங்கள். பிள்ளை ஏதோ ஒயரையும் மோட்டாரையும் வைத்துக் குடைந்துகொண்டிருந்தால், “படிக்காமல் என்ன விளையாட்டு?” என்று உடனே அதட்டிவிடாதீர்கள். அவன் செய்வது என்னவென்று ஒருமுறை கேளுங்கள். மகன் மட்டுமல்ல, மகளும்தான். ஸ்டாக்ஹோமில் பரிசு பெற்ற மூவரும் பெண் பிள்ளைகளே.

எங்கள் மஹல்லா மாணவனின் குழாய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கண்காட்சி நாளில் வெயில் நேராக விழுந்த இடத்தில் அவர்களுக்கு மேசை கிடைத்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. சென்சார் குழம்பி, கை இல்லாமலே குழாய் திறந்துகொண்டது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவன் வாளி வைத்து அளந்த அந்த வாரமே, மோதினார் பாய் உளூக் குழாய்களின் பிரதான வால்வைப் பாதி மூடினார். இன்று வரை ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் ஒரு லிட்டர் கெண்டியில் உளூச் செய்யத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் இடது காலுக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான்காம் நாள் போதுமானதாக இருந்தது. இப்போது சிறிது மிஞ்சுகிறது. சென்சாரை நிழலில் வைப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு, அந்த ஐந்து பேரும் அடுத்த கண்காட்சிக்குத் தயாராகிறார்கள்.

பெருமக்களே! இன்று மாலை உங்கள் உளூக் குழாயின் கீழ் ஒரு வாளியை வையுங்கள். உங்கள் பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள். அவன் எழுதும் எண்ணைப் பாருங்கள். மற்றதை அந்த எண்ணே உங்களுக்குச் சொல்லும்.

யா அல்லாஹ்! எங்கள் கிணறுகளில் நீரைத் தங்கச் செய்வாயாக! நீ அருளிய நிஃமத்தை அளவறிந்து செலவிடும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! மக்களுக்குப் பயன் தரும் கல்வியை எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குவாயாக! ஆமீன்.